கிழக்கே திறந்த புகைக்கூடு

ராஜையன் மேஸ்திரிக்குப் பொய் சொல்ல வராது. இதை நல்ல குணம் என்று ஊரில் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக அவரிடம் கையாளாகச் சாந்து சுமக்கிற எனக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய தொல்லை என்று. பந்தல் போட்டு, சொந்தபந்தமெல்லாம் கூடி நிற்கிற புது வீட்டில், "இந்த ஜன்னல இங்க வச்சது தப்பாக்கும், நான் அப்பமே சொன்னேன், நீரு கேக்கேல்ல" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். ஒரு போதகர் வீட்டுச் சுற்றுச்சுவர் கோணல் என்று, அதைக் கட்டியவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சபையிலிருந்து எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"வாய வச்சிட்டு சும்மா இருக்க ஒக்காதா மேஸ்திரி?" என்று கேட்டால், "கோணல நேருன்னு சொல்ல எனக்க நாக்கு வளையாது பிள்ள" என்பார்.

அந்த மனிதர் போன ஐப்பசியில் ஒரு பொய் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஒரு பொய்க்கு அவர் வந்து சேர்ந்த வழியைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் ஷைஜா. பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரிக்குக் கருங்கல் பக்கம். அப்பா பனையேறி. ஒருநாள் பனையிலிருந்து விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அப்போது ராஜையனுக்குப் பதினேழு வயது, தங்கை ராஜபாய்க்குப் பதினைந்து. ராஜையன் ஒரு கொத்தனாரிடம் தொழில் பழகப் போனார். பழகுகிற காலத்தில் மத்தியானச் சோறு கிடைக்கும், அவ்வளவுதான். வீட்டை ஓட்டியது ராஜபாய். அவள் அண்டியாபீஸுக்குப் போனாள். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைக்கிற தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கொட்டையிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டு விரல் கறுத்துப்போகும், தோல் உரியும். சோப்புப் போட்டாலும் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. பதினோரு வருடம் அந்த வேலை பார்த்துவிட்டுத்தான் அவள் கல்யாணமாகிப் போனாள்.

போன இடம் ஆரல்வாய்மொழிக்குப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளைக்குச் செங்கல்சூளையில் வேலை. கருங்கல்காரர்களுக்கு ஆரல்வாய்மொழி வேறு தேசம். எங்கள் பக்கம் ரப்பரும் தென்னையும் வாழையுமாக எந்நேரமும் நசநசவென்று ஈரம். அங்கே உடைமரமும் பனையும் வெயிலும் காற்றும். ஒரே மாவட்டம் என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவள் விரல்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "சீருன்னு கொண்டு வந்தது இந்தக் கரிக்கையத்தானா?" என்று ஒருத்தி கேட்டது ராஜையன் காதிலேயே விழுந்தது. அவர் அதை விழுங்கிக்கொண்டார். சில வருடம் கழித்து, இரண்டாயிரத்து இரண்டில், தங்கையும் மாப்பிள்ளையும் தனியாக ஒரு வீடு கட்டினார்கள். புது வீட்டில் முதன்முதலாக அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுகிற அன்று, அடுக்களைக்கு உள்ளதெல்லாம் பெண்ணைப் பெற்ற வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ராஜையன் சட்டிபானையோடு நிற்கவில்லை. அடுக்களையையே அவர் கட்டிக் கொடுத்தார். கையாள்கூட இல்லாமல் பதினேழு நாள் தனியாக நின்று கட்டினார். அடுப்புக்கு நேர் மேலே புகைக்கூடு எழுப்பி, கூரையைத் தாண்டி ஒரு ஆள் உயரத்துக்குக் கொண்டுபோனார். அந்த ஊரில் அதுதான் முதல் புகைக்கூடு.

பங்குனி மாதம், விடியற்காலம், ஒரு இலை அசையவில்லை. ராஜபாய் அடுப்பைப் பற்றவைத்தாள். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போயிற்று. வந்தவர்களெல்லாம் முற்றத்தில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கரிக்கை என்று சொன்ன அதே பெண், "ஒனக்க அண்ணன் கெட்டிக்காரன்தான் கேட்டியா" என்றாளாம். இந்தக் கதையை மேஸ்திரி எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "அன்னைக்காக்கும் எனக்க தங்கச்சி அந்த வீட்டுல தலைய நிமித்துனது" என்று முடிப்பார்.

அந்தப் புகைக்கூட்டில் ஒரு தப்பு இருந்தது.

எங்கள் மேற்குப் பக்கத்தில் வீட்டுக்குப் பகை மழை. சாரல் மேற்கேயிருந்து சாய்த்து அடிக்கும். அதனால் புகைக்கூட்டின் உச்சியை மூடி, மற்றச் சுவர்களைக் கெட்டியாக எழுப்பி, புகை வெளியேறுகிற திறப்பைக் கிழக்கே மட்டும் விடுவோம். மழைக்கு முதுகு காட்டிக் கட்டு என்பதுதான் எங்கள் கொத்தன்மார் படிக்கிற முதல் பாடம். ஆரல்வாய்மொழியில் மழை கொஞ்சம், பகை காற்றுதான். கணவாய் வழியாக மேற்குக் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ராஜபாய் வீட்டுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் ஒரு பொத்தை இருக்கிறது. பொத்தை என்றால் மொட்டைப் பாறைக் குன்று. மேற்கிலிருந்து வருகிற காற்று அந்தப் பாறையில் இடித்துத் திரும்பி, நேராகக் கிழக்குத் திறப்புக்குள் நுழையும். வைகாசி முதல் புரட்டாசி வரை இந்தக் கூத்து. ஐப்பசி பிறந்தால் காற்றே கிழக்கேயிருந்து வந்து நேராகத் திறப்புக்குள் புகும், பாறையில் இடிக்கிற வேலையும் அதற்குக் கிடையாது.

காற்றில்லாத பங்குனி விடியலில் பால் காய்ச்சினால் இதெல்லாம் எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்துக் கொத்தன் எவனாக இருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பான். ஆனால் கட்டியவர் ராஜையன். அவருக்கு அது தெரிய இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

வருடத்துக்கு இரண்டு தடவை அவர் தங்கை வீட்டுக்குப் போவார். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, சக்கைப்பழக் காலத்தில், அதாவது பலாப்பழம் பழுக்கிற காலத்தில், ஒரு தடவை. கூடவே ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கும் போகும். நானும் சில தடவை போயிருக்கிறேன். நாங்கள் போகும்போது சமையல் முடிந்திருக்கும், அடுப்பு ஆறியிருக்கும். அடுக்களைச் சுவர் பால் வெள்ளையாக இருக்கும். மேஸ்திரி சுவரை உள்ளங்கையால் தடவி என்னிடம் காட்டுவார். "பாத்தியா பிள்ள, ஒரு பொட்டு கரி உண்டா? விறகு எரிக்கிற அடுக்களையாக்கும் இது." நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். புகைக்கூடு கட்டக் கேட்டு வருகிறவர்களிடம், "ஆரல்வாய்மொழிப் பக்கம் எனக்க தங்கச்சி வீட்டுல போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பார். அப்படிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்திலேயே மூன்று வீட்டுக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்றிலும் கிழக்கே பார்த்தே திறப்பு விட்டோம். அந்தச் சாந்தை நான்தான் சுமந்தேன்.

நான்கு வருடம் முன்பு ராஜபாய்க்கு இளைப்பு வந்தது. முதலில் ஏறி இறங்கினால் மூச்சு வாங்கும் என்றிருந்தது, பிறகு உட்கார்ந்த இடத்திலேயே வாங்கியது. அவள் கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் ஸ்டெனி, முப்பந்தலில் காற்றாலை பராமரிக்கிற வேலையில் இருந்தான். அவனும் மேஸ்திரியும்தான் அவளை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார், பதினோரு வருஷம் அண்டியாபீஸுப் புகையக் குடிச்சவளாக்கும்" என்று பதில் சொன்னது மேஸ்திரி. அதோடு விட்டாரா? மறுநாள் கருங்கலில் அந்த அண்டியாபீஸ் வாசலில் போய் நின்று, "எனக்க தங்கச்சிக்க மூச்ச எடுத்த எடம் இது" என்று கத்தினார். மேனேஜராக இருந்த பையன் ராஜபாய் அங்கே வேலை பார்த்த காலத்தில் பிறந்தே இருக்கமாட்டான். அவன் திருதிருவென்று முழித்தான். எனக்கு மானம் போயிற்று, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஜெபக்கூட்டத்தில், டீக்கடையில், வேலை செய்கிற வீட்டில் என்று எல்லா இடத்திலும் அண்டியாபீஸைச் சபிப்பதே அவருக்கு வழக்கமாகிவிட்டது. ராஜபாய் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பாள்.

போன ஆனி மாதக் காற்றில் ஒரு வேப்பங்கொம்பு முறிந்து அந்தப் புகைக்கூட்டின் மேல் விழுந்தது. பாதிக்கு மேல் உடைந்து முற்றத்தில் கிடந்தது. எங்களுக்குத் தகவல் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஸ்டெனிதான் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, கோவப்படாதீங்க. அம்மா இங்க உள்ள ஒரு கொத்தன வச்சுக் கெட்டச் சொல்லுதா. உங்கள அலைக்கழிக்க வேண்டாமாம்."

மேஸ்திரி அன்று சாந்துக் கரண்டியைத் தூக்கி எறிந்தார். அண்ணன் உயிரோடு இருக்கும்போது, அண்ணன் சீராகக் கட்டிக்கொடுத்ததில் வேறொருத்தன் கரண்டி வைப்பதா? ஆடி முதல் வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ராஜபாய் முன்னறையில் நாற்காலியில் இருந்தாள். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தாள்.

"நான் செத்தாபோனேன், வேற கொத்தனத் தேடுக?" என்று மேஸ்திரி வாசலிலேயே ஆரம்பித்தார்.

"செரி அண்ணே. வந்துட்டல்லா. ஒடஞ்ச எடத்துலேருந்து... மேல கெட்டிட்டுப் போ. கீழ தொறக்காத."

"தொறக்காம எப்பிடிக் கெட்டுகது? உள்ள கரி அடச்சிருந்தா?"

"கரி இருக்காது அண்ணே."

மேஸ்திரியின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. தன் வேலையைத்தான் தங்கை மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "பின்ன, நான் கெட்டுனதுல கரி அடைக்குமா?" என்று சிரித்துக்கொண்டே சாரத்தில் ஏறினார்.

உடைந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தார். நான்கு வரி எடுத்திருப்பார், பிறகு கல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் புகைக்கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, "பிள்ள, மேல வா" என்றார்.

ஏறிப் பார்த்தேன். உள்பூச்சு நேற்றுப் பூசின மாதிரி சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. கரண்டி இழுத்த வளைவுகூட அழியவில்லை. ஈரப்பூச்சில் ஆணியால் அவர் கீறிய சிலுவையும் அதன் கீழே வருடமும் அப்படியே இருந்தன. பழைய புகைக்கூடுகளை இடித்த அனுபவம் எனக்கு உண்டு. பத்து வருடம் ஆனாலே உள்ளே விரல் கனத்துக்குக் கரி பிடித்திருக்கும், கையை வைத்தால் முழங்கை வரை கறுப்பாகும். இதில் விரலை வைத்தேன். விரல் சுத்தமாக வந்தது.

"ரெண்டு நேரமும் இங்க சோறு பொங்கியிருக்கா. அந்தப் பொகை எங்க போச்சு பிள்ள?"

எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் இறங்கி அடுக்களைக்குள் போனார். அடுப்புக்கு மேலே கையை விட்டுத் துழாவினார். ஒரு தகரம் தட்டுப்பட்டது. துருப்பிடித்த அந்தத் தகரத்தைப் பிடுங்கினார். அதற்கு மேல் திணித்து வைத்திருந்த சிமெண்டுச் சாக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிச் சாக்கு விழுந்ததும் அதன் பின்னாலேயே காற்று இறங்கி அடுப்புச் சாம்பலை எங்கள் முகத்தில் அடித்தது. முன்னறைக் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு வரச் சொன்னார். சாத்தினேன். நான்கைந்து காய்ந்த தென்னம்பாளையை அடுப்பில் வைத்துக் கொளுத்தினார். புகை இரண்டு முழம் ஏறியது. பிறகு யாரோ மேலேயிருந்து கையால் அமுக்கின மாதிரி அப்படியே கீழே வந்து அடுக்களையை நிறைத்தது. நான் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அவர் வரவில்லை. கூப்பிட்டும் வரவில்லை. ஸ்டெனி உள்ளே போய் அவரைக் கட்டிப்பிடித்துத்தான் வெளியே கொண்டுவந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"எத்தன வருஷமாலே இப்பிடி?" என்று கேட்டார்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளுலேருந்து தகரம் இருக்கு மாமா. தகரம் இல்லேன்னா தீ மூஞ்சிக்கு வரும். அம்மா ஜன்னல் பக்கமா முகத்தத் திருப்பி வச்சிட்டு ஊதுவா. நான் அந்தக் கூடு சும்மா அழகுக்குக் கெட்டுனதுன்னு நெனச்சேன்."

காற்றாலையில் வேலை பார்க்கிறவன் இல்லையா, பொத்தையைக் காட்டி, காற்று எப்படி இடித்துத் திரும்புகிறது என்பதை அவனே விளக்கினான். மேஸ்திரி பாறையைப் பார்த்தார், தான் கட்டியதைப் பார்த்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

"ஏட்டி, என்னத்துக்குச் சொல்லேல்ல?"

ராஜபாய் மூச்சு எடுத்துக்கொண்டாள். "அன்னைக்கு... எல்லாரும் அண்ணாந்து பாத்தாவல்லா."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"நான் அண்டியாபீஸுல போயி நின்னு கத்துனனே ஏட்டி."

"கத்துனதுல ஒனக்கு ஒரு ஆறுதல் இருந்து. நான் அதயும் எடுக்கணுமா?"

அவர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதார். அறுபது வயது மனிதர், சாந்து அப்பிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மேல் பாசம் என்று சொல்லி ராஜபாயைக் கும்பிட என்னால் முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே நாளில் நான்கு கல்லைத் தட்டி எடுத்துவிட்டு மறுபக்கம் திறந்திருப்போம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் ஒரு வீட்டுப் புகையைச் சுண்ணாம்பில் மறைத்தாள். அண்ணன் வருகிறேன் என்று போன் பண்ணினால், ஏணி வைத்து ஏறி அடுக்களைச் சுவர் முழுக்க வெள்ளை அடிப்பாளாம். கணவர் ஒரு தடவை சொல்ல வாயெடுத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம்.

புகைக்கூட்டை அடிவரை இடித்துத் திரும்பக் கட்டினோம். ஆறு நாள் ஆயிற்று. ஸ்டெனி ஒரு மூங்கிலில் துணியைக் கட்டிப் பிடித்து, எந்த உயரத்தில் காற்று திரும்புகிறது, எந்த உயரத்தில் நேராகப் போகிறது என்று காட்டினான். யார் சொல்லையும் கேட்காத மேஸ்திரி, அவன் சொன்ன உயரத்துக்கு வாய் பேசாமல் கட்டினார். நான்கு மூலையிலும் குட்டித் தூண் நிறுத்தி, மேலே பலகை வார்த்து மூடி, நான்கு பக்கமும் திறப்பு விட்டார். மழை வந்தால் நனையட்டும் என்றார். உள்பூச்சில் இந்தத் தடவை அவர் ஒன்றும் கீறவில்லை.

ஏழாம் நாள் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை மூட்டினோம். ராஜபாயை நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்தோம். புகை நான்கு பக்கமும் பிரிந்து, கூரைக்கு மேலேயே காற்றோடு போய்விட்டது. அடுக்களைக்குள் ஒரு இழை திரும்பவில்லை. "நல்லாப் போவுது அண்ணே" என்றாள் அவள். அவர் மேலே பார்க்கவே இல்லை. அவள் அண்ணாந்திருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊருக்கு வந்ததும் அண்டியாபீஸுக்குப் போனார். நானும் போனேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்க தங்கச்சிக்க மூச்ச எடுத்தது நான் கெட்டுன புகைக்கூடாக்கும்" என்று அந்த மேனேஜரிடம் சொன்னார். அவனுக்கு இவரை ஞாபகமே இல்லை. டாக்டரிடமும் போய்ச் சொன்னார். பதினோரு வருடம் அண்டியாபீஸில் இருந்ததும் உண்டுதானே, எல்லாம் சேர்ந்துதான் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். மேஸ்திரி அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் மூணு வீடு உண்டு பிள்ள" என்றார்.

முதல் வீட்டில் எப்போதோ இடித்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் காஸ் அடுப்புக்கு மாறிவிட்டார்கள், புகைக்கூட்டுக்குள் அணில் குடியிருந்தது. மூன்றாவது, அதே பொத்தைக்கு ஒரு மைல் தெற்கே, வயல்காட்டை ஒட்டின வெள்ளாளர் வீடு. வீட்டம்மா அழகியநாயகியம்மாள், அறுபத்தைந்து வயது இருக்கும். கண் ஓரம் எப்போதும் ஈரமாக இருந்தது. சம்பா அரிசி வேக ஒரு மணி நேரம் ஆகும், அதற்குக் காஸ் கட்டாது என்று இன்னும் விறகடுப்பில்தான் பொங்குகிறார்.

"நான் கெட்டுன கூட்டுல பொகை போவுதா அம்மா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கெட்டிப் பதினாறு வருசம் கழிச்சா கேக்க வந்தீரு கொத்தனாரே?" என்று அவர் சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "முத மாசமே உள்ள சுத்த ஆரம்பிச்சாச்சு. நீருதானே உம்ம தங்கச்சி அடுக்களையப் பாக்கச் சொன்னீரு. நானும் எங்க மாமியும் நேர அங்கயே போயி அந்தப் பிள்ளகிட்ட கேட்டோம். எங்க வீட்டுல நல்லாத்தான் போவுது, நீங்க பச்ச வெறகு வைக்கியளா இருக்கும்னு சொல்லிட்டா. எங்க மாமி அதைப் பிடிச்சுக்கிட்டா. அன்னையிலேருந்து அடுக்களையில பொகைஞ்சாப் போதும், வெறகு பாத்து வைக்கத் தெரியாதவன்னு எனக்கு ஏச்சு. வாரவுக போறவுக கிட்டயெல்லாம் சொல்லுவா. சாவுற வரைக்கும், பதினோரு வருசம். இந்த வெயில்ல காயுத வெறகுல எங்கய்யா ஈரம் இருக்கும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோர் எடுத்து வர உள்ளே போனார். மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாங்கிய அடியிலேயே இதுதான் பெரிய அடி என்று நினைக்கிறேன். தன்னைக் கெடுத்துக்கொண்டதோடு ராஜபாய் நிற்கவில்லை. அண்ணன் பேரைக் காப்பாற்ற, ஒன்றும் அறியாத இன்னொரு பெண்ணின் தலையில் பழியைப் போட்டிருக்கிறாள்.

"தப்பு எனக்கதாக்கும் அம்மா. உங்களுக்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்று மேஸ்திரி அவரிடம் சொன்னார். அந்தப் புகைக்கூட்டையும் இடித்து நான்கு பக்கமும் திறந்து கட்டினோம்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் நேராக ராஜபாய் வீட்டுக்குப் போனோம். ஐப்பசி பாதி ஆகியிருந்தது. இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராஜபாயைக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்திருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"அழகியநாயகி அக்கா வீட்டுலயும்... கெட்டியாச்சா?"

"ஆச்சு மக்கா."

"அவிய... என்னமும் சொன்னாவளா? என்னப் பத்தி?"

நான் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வருடப் பழக்கம். உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன், வேண்டாம் என்று கண்ணைக்கூடக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லேல்ல" என்றார். "நீ சொகமா இருக்கியான்னு கேட்டாவ. அவ்வளவுதான்."

ராஜபாய் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கறுத்த விரல்களை அவர் கைமேல் வைத்தாள். முந்திரி எண்ணெயின் கறை முப்பது வருடம் ஆகியும் நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

"ஒனக்கு இது வராது அண்ணே" என்றாள். "விடு. அவியகிட்ட ஒண்ணு சொல்லு. வெறகு நல்ல வெறகுதான்னு... நான் சொன்னேன்னு சொல்லு. அன்னைக்கே எனக்குத் தெரியும்னு சொல்லு."

மேஸ்திரி தலையை ஆட்டினார்.

அந்த மாதக் கடைசியில் ராஜபாய் போய்ச் சேர்ந்தாள். ஆனால் சொன்ன வேலையை அவர் அவ்வளவு நாள் வைத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு அழகியநாயகியம்மாள் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தங்கை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

அவர் சுளகைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். அறைச் சுவரில் மாமியாரின் படம் மாலையோடு மாட்டியிருந்தது வாசலிலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது. அதன் முன்னால் போய் நின்றார்.

"மாமி, கேட்டேளா?" என்றார். "வெறகு நல்ல வெறகுதானாம்."